வருஷா வருஷம் வரும் பைரி

இந்தத் தடவை ஒரு பறவையைப் பற்றி எழுதுகிறேன். பறவை ஆராய்ச்சி என் தொழில் அல்ல. 34 வருஷம் அரசு அலுவலகத்தில் பதிவறைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வந்த தபாலுக்கு எண் போடுவது, தேதி முத்திரை குத்துவது, கேட்டபோது பழைய கோப்பைத் தேடி எடுத்துக் கொடுப்பது, இவ்வளவுதான் என் உத்தியோகம். அந்தப் பழக்கம் போகாததால்தான் இந்தப் பறவையையும் நோட்டில் தேதி போட்டுக் குறித்து வருகிறேன்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் பக்கமாக ஒரு செல்போன் கோபுரம் தெரியும். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் அதன் உச்சிக் கம்பியில் ஒரு பறவை வந்து உட்காரும். பங்குனி வெயில் ஏறியதும் போய்விடும். புறா வளர்ப்பவர்கள் அதை 'பைரி' என்பார்கள். பறவைப் புத்தகங்களில் 'பொரி வல்லூறு' என்று போட்டிருக்கிறது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வாசிக்கும் பலருக்குத் தெரியும். பிரெஞ்சில் இதன் பெயர் 'ஃபோக்கோன் பெல்ரேன்'. ஃபோக்கோன் என்றால் வல்லூறு, பெல்ரேன் என்றால் யாத்ரிகர். லூர்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நடந்து போகிறவர்களைச் சொல்லும் அதே வார்த்தைதான். லத்தீன் பெயரும் அதே அர்த்தம்தான். 1771ல் டன்ஸ்டால் என்ற ஆங்கிலேயர் அதை விஞ்ஞானப் பெயராகப் பதிவு செய்தார்.

ஏன் யாத்ரிகர்? பழைய ஐரோப்பாவில் பிரபுக்கள் வேட்டைக்கு வல்லூறு பழக்கினார்கள். சில வகைகளின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்தே எடுத்து வளர்ப்பார்கள். இந்த வகை செங்குத்துப் பாறையின் நடுவில் முட்டையிடுவதால் கூட்டை எட்டுவது கஷ்டம். ஆகவே அது தேசம் விட்டுத் தேசம் போகும் வழியில் வலை வைத்துப் பிடித்தார்கள். வழியில் அகப்பட்டவன் யாத்ரிகன்.

இன்னொரு வேடிக்கை. வினைச்சொல் விகற்பங்களை ஒப்பிக்கத் தெரியாமல் நாங்கள் விழிக்கும்போதெல்லாம் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'நியே!' என்று கத்துவார். மடையன் என்று அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அதுவும் வல்லூறு பழக்குபவர்களின் வார்த்தை. கூட்டிலிருந்தே எடுத்து வளர்க்கப்பட்ட, வெளி உலகம் தெரியாத குஞ்சுக்குத்தான் 'நியே' என்று பெயர். வாத்தியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இனி ஆளின் அடையாளம். நம் ஊர் வானத்தில் பருந்துகள் நிறைய என்பதால் முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கரும்பருந்தின் வால் மீன்வால் மாதிரிப் பிளந்திருக்கும். செம்பருந்துக்கு, அதாவது நம் கருடனுக்கு, தலையும் மார்பும் வெள்ளை, உடம்பு செம்மண் நிறம். இரண்டும் அகன்ற இறக்கையை விரித்துச் சோம்பலாக வட்டம் போடும். பைரியின் இறக்கை நீண்டு நுனியில் கூர்மையாக முடியும். பறக்கும்போது கீழிருந்து பார்த்தால் நங்கூரம் போல இருக்கும். வால் குட்டை. இறக்கை அடிப்பு வேகமாகவும் விறைப்பாகவும் இருக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது காக்கையைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். முதுகு சிலேட்டுப் பலகையின் நிறம். மார்பு வெளுப்பு, வயிற்றில் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். கண் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், காலும் மஞ்சள். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் மீசை போல ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். ஒரு வயது நிரம்பாத பறவை பழுப்பாக இருக்கும். அதன் வயிற்றில் கோடுகள் குறுக்கே இல்லாமல் மேலிருந்து கீழாக ஓடும்.

ஆணைவிடப் பெட்டை பெரிது. ஆண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது என்பதால் பிரெஞ்சில் அதற்கு 'தியேர்சலே' என்று பெயர், மூன்றில் ஒன்று என்ற சொல்லிலிருந்து வந்தது. வடக்கே பறவை பழக்குபவர்கள் பெட்டையை 'பைரி' என்றும் ஆணை 'பைரி பச்சா' என்றும் சொல்வார்களாம். ஆக நம் புறாக்காரர்கள் வழங்கும் பெயரும் வேட்டைக்காரர்களிடமிருந்து நடந்து வந்த பெயர்தான்.

இந்தியாவில் இதில் முக்கியமாக இரண்டு இனங்கள். ஒன்று உள்ளூர்வாசி. ஷாஹீன் என்று பெயர். அளவில் சிறியது, தலை முழுக்கக் கறுப்புக் குல்லா, வயிறு செங்காவி. மேற்குத் தொடர்ச்சி மலை போன்ற இடங்களில் செங்குத்துப் பாறைகளில் குடியிருக்கும். இலங்கையில் சிகிரியாக் குன்றில் அது இருப்பதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று எங்கள் கோபுரத்துக்கு வரும் வெளியூர்க்காரர். பெரியது, நிறம் வெளுப்பு, கன்னம் வெள்ளை, மீசை மெலிவு. ருஷ்யாவின் வடகோடியில், மரமே முளைக்காத துந்திரப் பிரதேசத்தில், கோடையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு முன் தெற்கே கிளம்பும். அங்கிருந்து புதுச்சேரிக்கு 6,000 கிலோமீட்டருக்குக் குறையாது. பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் நிற்காமல் வந்து சேரும் ஒரே வெளிநாட்டுப் பயணி என்று வீட்டில் சொல்வேன். என் மனைவி சிரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

கூடு கட்டும் பழக்கம் இதற்குக் கிடையாது. பாறை விளிம்பில் மண்ணைக் காலால் சீய்த்து ஒரு குழி செய்யும், அதில் மூன்று அல்லது நான்கு முட்டை. ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சுகள் ஆறு வாரத்தில் பறக்கும். முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் செத்துப்போகும். தப்பிப் பிழைத்தவை பல வருஷம் வாழும், குளிர்காலத்துக்குப் பழகிய இடத்துக்கே திரும்பி வரும்.

வேட்டை எப்படி என்று கேட்பீர்கள். பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அலுவலகத்தில் சிலர் அப்படி உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் இது தூங்குவதில்லை. அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் சுறுசுறுப்பு. புறா, உள்ளான், கொக்கு என்று பறந்து போகும் பறவைதான் இரை. வானத்தில் மேலே ஏறி, இறக்கையை உடம்போடு ஒடுக்கி, கல் விழுவது போல விழும். அந்தப் பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உயிரினங்களில் இதற்கு மேல் வேகம் வேறு எதற்கும் இல்லை.

அந்த வேகத்தில் காற்று மூக்கில் ஏறினால் மூச்சு விட முடியாது. அதனால் மூக்குத் துவாரத்துக்குள் சின்னக் குமிழ் போல ஒரு எலும்புத் தடுப்பு இருக்கிறது. கண்ணைத் துடைக்க மூன்றாவது இமை இருக்கிறது. மேல் அலகில் ஒரு பல் போன்ற முனை இருக்கிறது, இரையின் கழுத்து எலும்பை முறிக்க அது உதவும். இத்தனை இருந்தும் பாய்ச்சல்களில் பெரும்பகுதி வீண்தான். தவறினால் மறுபடி கோபுரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதுவரை எந்தப் பறவைப் புத்தகத்திலும் கிடைக்கும். நான் எழுத உட்கார்ந்தது இனிமேல் வருவதற்காகத்தான்.

போன வருஷம் தை மாதத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் என்னைத் தேடி வந்தான். வயது 26 இருக்கும், ஆட்டோ ஓட்டுகிறான். மாடியில் நாற்பது ஐம்பது புறா வைத்திருக்கிறான். காலையில் மேலே விட்ட புறா எத்தனை மணி நேரம் இறங்காமல் வானத்தில் நிற்கிறது என்பதுதான் அவனுடைய பந்தயம். அதற்காகப் பழக்கிய புறாக்களில் மூன்றை ஒரே மாதத்தில் பைரி கொண்டுபோய்விட்டது. கோபுரத்தின் கீழே இறகைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தான்.

"தாத்தா, நீங்கதான் அதைப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதுறீங்க. எந்நேரம் வரும், எந்நேரம் போகும்னு சொல்லுங்க. நான் மருந்து வச்சு முடிச்சிடுறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அந்தப் புறா ஒவ்வொன்றையும் குஞ்சிலிருந்து கையில் வைத்துத் தீனி ஊட்டியவன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, முதல் அட்டவணை, ஜெயில் என்று சொல்லி அவனை அனுப்பியிருக்கலாம். சட்டத்தைச் சொன்னேன்தான். ஆனால் சட்டம் சொன்னால் மனுஷன் பயப்படுவானே தவிர சமாதானம் ஆக மாட்டான் என்பதை 34 வருஷத்தில் பார்த்திருக்கிறேன். உட்கார வைத்துக் காப்பி கொடுத்து ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் ராணுவச் செய்தி கொண்டுவரும் புறாக்களை இந்த வல்லூறு அடிக்கிறது என்று அரசாங்கமே சுடச் சொன்னது. நூற்றுக்கணக்கில் சுட்டார்கள். யுத்தம் முடிந்து, 1954ல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சில வருஷம் கழித்துப் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் சேர்ந்து அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். வல்லூறு பெருகிவிட்டது, எங்கள் புறா தங்கவில்லை, பாதுகாப்பை எடுத்துவிடுங்கள் என்று.

மனு வந்தால் விசாரணை வேண்டும் அல்லவா? டெரெக் ராட்கிளிஃப் என்ற விஞ்ஞானியிடம் பொறுப்பு வந்தது. 1961ல் நாடு முழுக்கக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். பெருகிவிட்டது என்று மனுவில் சொன்ன பறவை அழிந்துகொண்டிருந்தது. தெற்கு இங்கிலாந்தில் அநேகமாக இல்லை. கூடு இருந்த இடங்களில் உடைந்த முட்டைகள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரிக்கும் ஜோடியே இல்லாமல் போனது.

முட்டை ஏன் உடைகிறது? ஓடு மெலிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தது. ஆனால் முன்பு ஓடு எவ்வளவு தடிமன் இருந்தது என்று தெரிந்தால்தானே இப்போது மெலிந்தது என்று சொல்ல முடியும்? யார் அளந்து வைத்தார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கிலாந்தில் பணக்காரர்கள் பலருக்குப் பறவை முட்டை சேர்ப்பது பொழுதுபோக்கு. பாறையில் கயிறு கட்டி இறங்கி முட்டையைத் திருடி, ஊசியால் துளை போட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, ஓட்டை மட்டும் பஞ்சு விரித்த இழுப்பறையில் வைப்பார்கள். கெட்ட பழக்கம்தான். ஆனால் ஒவ்வொரு முட்டைக்கும் எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி வைத்திருந்தார்கள். ராட்கிளிஃப் அந்த இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொரு ஓட்டையும் எடை போட்டு, நீள அகலம் அளந்து, வருஷ வரிசையில் அடுக்கினார். பல்லாண்டுகளாக ஒரே அளவில் இருந்த ஓட்டின் கனம் 1940களின் பிற்பகுதியில் திடீரென்று இறங்குகிறது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1967ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்.

அந்த வருஷங்களில் புதிதாக வந்தது டி.டி.டி. நம் தலைமுறைக்கு அந்த வாசனை மறக்காது. சின்ன வயதில் மலேரியாக்காரர்கள் பம்போடு வந்து வீட்டுச் சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டு, கதவோரம் தேதியை எழுதிவிட்டுப் போவார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயல்களில் அதைக் கொட்டியபோது பூச்சியிலிருந்து குருவிக்கு, குருவியிலிருந்து வல்லூறுக்கு என்று ஏறி ஏறி அதன் உடம்பில் சேர்ந்தது. ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் தடுத்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது.

1972ல் அமெரிக்கா தடை செய்தது. நம் நாட்டில் 1989ல் விவசாயத்துக்கு நிறுத்தினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்பவர் கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து வெளியே விடும் வேலையை ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கில் விட்டார்கள். 1999ல் அழியும் பட்டியலிலிருந்து அமெரிக்கா இதன் பெயரை எடுத்தது. பிரிட்டனில் இன்றைக்கு 1,700 ஜோடிக்கு மேல். லண்டனிலும் நியூயார்க்கிலும் மாடிக்கட்டிடங்களைப் பாறை என்று எண்ணிக் குஞ்சு பொரிக்கிறது.

நான் கதையை முடித்ததும் பையன் கேட்டான். "அப்ப புறாக்காரங்க மனு போடாம இருந்திருந்தா?"

"கணக்கெடுக்க இன்னும் நாளாகியிருக்கும்."

"முட்டை திருடுனவன் தேதி எழுதாம வுட்டிருந்தா?"

"ஓடு மெலிஞ்சதுன்னு யாராலயும் நிரூபிச்சிருக்க முடியாது, தம்பி."

சற்று நேரம் சும்மா இருந்தான். பிறகு, "கதை நல்லாத்தான் இருக்கு. என் புறா திரும்பி வருமா தாத்தா?" என்றான். நியாயமான கேள்வி.

என் நோட்டை எடுத்து அவனிடம் காட்டினேன். முதலில் பார்த்த நாள்: 2018ல் அக்டோபர் 29, 2019ல் நவம்பர் 2, 2020ல் அக்டோபர் 27, மழை கொட்டிய 2021ல் நவம்பர் 14, 2022ல் அக்டோபர் 31, 2023ல் நவம்பர் 1. கடைசியாகப் பார்த்த நாள் எந்த வருஷமும் ஏப்ரல் 4ஐத் தாண்டவில்லை. அது பாயும் நேரமும் குறித்திருந்தேன், பெரும்பாலும் காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை ஐந்துக்குப் பின். உச்சிவேளையில் இரண்டே தடவை. காலில் வளையம் இல்லாததால் வருஷா வருஷம் அதே பறவைதான் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொன்னேன்.

அவன் விரலை வைத்துக் கணக்குப் போட்டான். அவனுடைய பந்தயம் சித்திரையில். அதுவரை விடியற்காலையில் புறா விடுவதை நிறுத்தி, ஒன்பதரை மணிக்கு மேல் விட்டு நான்கு மணிக்குள் இறக்கிவிடுவது, குஞ்சுகளை ஏப்ரல் வரை உயரே ஏற்றாமல் இருப்பது என்று அவனே முடிவு செய்தான். மருந்து யோசனை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்த சீசனில் அதற்கு மேல் ஒரு புறா போனது. அன்றைக்கு என்னைப் பார்த்தும் பேசாமல் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனான். மார்ச் 26ஆம் தேதி கோபுரம் காலி.

2024 அக்டோபர் 30ஆம் தேதி மறுபடி வந்து உட்கார்ந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊர் அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. பையனின் புறாக்கூண்டுத் தகரம் பறந்துபோய் அடுத்த தெருவில் கிடந்தது. நனைந்து விறைத்துச் செத்த புறா பதினொன்று. இத்தனை வருஷத்தில் பைரி எடுத்ததைவிட அதிகம். கோபுரத்திலும் ஒன்றுமில்லை. தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடித்த பிறகும் நாலு நாள் மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

டிசம்பர் 5ஆம் தேதி காலை அவன் மாடியிலிருந்து குரல் வந்தது. "தாத்தா! உங்க ஆளு வந்து குந்திக்கிட்டிருக்கு பாருங்க!"

மூட்டு வலியோடு படியேறிப் போனேன். உச்சிக் கம்பியில் இறக்கையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவன் புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவனுடைய புறா நோட்டு திறந்து கிடந்தது. எந்தப் புறா எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று எழுதும் நோட்டு. எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'பைரி' என்று எழுதிப் பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டிருந்தான். பக்கத்தைப் புரட்டினால் அக்டோபர் 27க்கே ஒரு சிவப்பு எழுத்து இருக்கிறது. எனக்கு மூன்று நாள் முன்பே பார்த்திருக்கிறான்.

என் நோட்டில் அந்தத் தேதியை அவன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொண்டேன்.